புல்பென்னை மட்டும் போட்டு மிதிச்சா போதுமா? பேஸ்பால் கேள்வி பதில்

2025 சீசன்ல கொலராடோ ராக்கீஸ் டீம் 43 மேட்ச் ஜெயிச்சு 119 தோத்துச்சு. அதுல இருந்து கொலராடோ பக்கம் இருக்குற நம்ம வாசகர்கள் எனக்கு அனுப்புற கேள்வியைப் படிச்சா பாவமாவும் இருக்கு, சிரிப்பாவும் வருது. பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், புல்பென் புல்பென் புல்பென்! (அதாவது மேட்ச் நடுவுல மாத்தி இறக்குற பிட்சர்ஸ், பந்து போடுறவங்க.) சரி, இந்த வாரம் முழுக்க அதையே பேசித் தீர்த்துடுவோம். கிரிக்கெட் ஆளுங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல உங்களைக் கவனிக்கிறேன்.

ஆரோரா வாசகர்: அண்ணே, புல்பென் கதவு திறந்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது. வர்றவன் எல்லாம் ரன்னை அள்ளிக் குடுக்குறான். மொத்த புல்பென்னையும் கலைச்சுட்டு புது ஆளுங்களைப் போட்டா என்ன?

போடலாம் தம்பி, ஆனா அடுத்த மே மாசம் அந்தப் புது ஆளுங்களையும் கலைக்கச் சொல்லி நீங்களே எழுதுவீங்க. 2025ல ராக்கீஸ் ஸ்டார்ட்டர்களோட, அதான் மேட்சைத் தொடங்கிப் பந்து போடுறவங்களோட, ஈ.ஆர்.ஏ. 6.65. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா ஆறரை ரன்னுக்கு மேல குடுத்திருக்காங்க. 1913ல இருந்து இந்தக் கணக்கை அதிகாரபூர்வமா வச்சுட்டு வர்றாங்க, அதுல எந்த டீமோட ஸ்டார்ட்டர்களும் இவ்ளோ மோசமா போட்டது இல்ல. வீட்டுக்குத் தீ வச்சவனை விட்டுட்டு, தண்ணி ஊத்த லேட்டா வந்தவனைப் போட்டு அடிக்கிறோம்.

ஸ்டார்ட்டர் நாலு இன்னிங்ஸ்லயே மூச்சு வாங்கி உக்காந்துட்டா மீதி அஞ்சு இன்னிங்ஸை யார் போடுறது? டீம்ல மொத்தம் 26 பேரு, அதுல பிட்சர்ஸ் 13க்கு மேல இருக்கக் கூடாது, அஞ்சு பேர் ஸ்டார்ட்டர்னா மிச்சம் எட்டு பேரு. தினம் அஞ்சு இன்னிங்ஸ்னு 162 மேட்சுக்குப் போட்டுப் பாருங்க, 810 இன்னிங்ஸ், ஆளுக்கு நூறு சொச்சம் வருது. ஒரு நல்ல ரிலீவர், அதான் புல்பென்ல இருந்து மாத்தா வர்றவன், வருஷத்துக்கு அறுபது எழுபது இன்னிங்ஸ் போட்டாலே பெரிய விஷயம். நிஜத்துல எல்லா நாளும் அஞ்சு இன்னிங்ஸ் வராதுதான், ஆனா வர்ற வாரத்துல புல்பென் நார்நாராப் போயிடும்.

இன்னொண்ணு, இது எந்த ஸ்கோர்கார்டுலயும் இருக்காது. ஸ்டார்ட்டர் மூணாவது இன்னிங்ஸ்ல தடுமாறும்போதே ஃபோன் அடிச்சு ஒரு ரிலீவரை எழுப்பி வார்ம் அப் பண்ணச் சொல்லுவாங்க. அவன் இருபது இருபத்தஞ்சு பந்து முழு வேகத்துல போட்டு முடிப்பான், அதுக்குள்ள ஸ்டார்ட்டர் எப்படியோ தப்பிச்சுடுவான், சரி உக்காருன்னுடுவாங்க. அடுத்த இன்னிங்ஸ்ல மறுபடியும் எழுந்திரு. அன்னைக்கு அவன் மேட்ச்லயே இறங்கியிருக்க மாட்டான், ஆனா கைக்குத் தெரியும்ல. மறுநாள் ஏழாவது இன்னிங்ஸ்ல வந்து அடி வாங்கும்போது டிவியில "ஃப்ரெஷ்ஷா வர்றாரு"ன்னு சொல்லுவாங்க பாருங்க, எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஹூஸ்டன் வாசகர்: நான் இந்த ஆட்டத்துக்குப் புதுசு. புல்பென்னா என்ன சார்? நல்லாப் போடுறவனையே திரும்பத் திரும்பக் கொண்டு வந்தா என்ன?

புல்பென்ங்கிறது மாத்து பிட்சர்ஸ் உக்காந்து வார்ம் அப் பண்ற இடம், அந்த ஆளுங்களையும் அதே பேர்லதான் சொல்றது. கிரிக்கெட்ல பும்ராவுக்கு ரெண்டு ஓவர் குடுத்து நிறுத்திட்டு கடைசியில திரும்பக் கூப்பிடலாம். இங்க வெளிய போனவன் போனவன்தான், அந்த மேட்ச்ல திரும்ப வர முடியாது. 2020ல இருந்து இன்னொரு கட்டாயமும் இருக்கு, ரிலீவரா வந்தா குறைஞ்சது மூணு பேட்டருக்காவது போடணும், இல்ல அந்த இன்னிங்ஸ் முடியணும். தப்பான ஆளை இறக்கிட்டீங்கன்னா மூணு பேர் வெளுக்குற வரைக்கும் கையைக் கட்டிப் பாத்துட்டு நிக்கணும், காயம் கீயம்னா மட்டும் விதிவிலக்கு.

ஹைலண்ட்ஸ் ராஞ்ச் வாசகர்: ஓனர் மான்ஃபோர்ட் காசை இறக்க மாட்டேங்குறார், அதான் வியாதியே. நாலு நல்ல ரிலீவரை வாங்கிப் போட்டா சரியாயிடும். ஒத்துக்குறீங்களா இல்லையா?

ஒத்துக்கல. சார், உங்க ஆளுங்க அதைப் பண்ணிப் பாத்துட்டாங்க, மறந்துட்டீங்க போல!

2017 சீசன் முடிஞ்ச குளிர்காலம். வேட் டேவிஸ் மூணு வருஷத்துக்கு 52 மில்லியன், பிரையன் ஷா 27 மில்லியன், ஜேக் மெக்கீ 27 மில்லியன். மூணு ரிலீவருக்கு 106 மில்லியன் டாலர்! அன்னைக்கு எல்லாரும் சூப்பர் புல்பென் வந்தாச்சுன்னு குதிச்சாங்க. முதல் வருஷம் டேவிஸ் 43 சேவ் (லீட்ல இருக்குற மேட்சைக் கடைசியில விடாம முடிச்சுக் குடுக்கிறது) எடுத்தார், நேஷனல் லீக்லயே அவர்தான் முதல், டீம் 91 மேட்ச் ஜெயிச்சு பிளே ஆஃப் போச்சு. ஆனா அதே வருஷம் ஷாவோட ஈ.ஆர்.ஏ. கிட்டத்தட்ட ஆறு, மெக்கீயோடது ஆறரையை ஒட்டி. மறுவருஷம் டேவிஸே கவுந்துட்டார், 8.65. 2020 ஜூலையில ஷாவையும் மெக்கீயையும் மீதிக் காசைக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

இதுல கொடுமை என்னன்னா, அப்படி அனுப்பின மெக்கீயை டாட்ஜர்ஸ் கூப்பிட்டுக்கிச்சு, அங்க போய் 2.66 ஈ.ஆர்.ஏ.வுல போட்டு அந்த வருஷமே வேர்ல்ட் சீரிஸ் மோதிரம் வாங்கிட்டார். அடுத்த வருஷம் ஜயன்ட்ஸுக்கு 31 சேவ். அதே ஆளு, அதே இடது கை.

2018ல அந்த புல்பென்லயே நல்லாப் போட்டது யாரு தெரியுமா, ஏற்கனவே டீம்ல இருந்த ஆடம் ஒட்டாவினோ. 2017ல அவரோட ஈ.ஆர்.ஏ. 5.06, எல்லாரும் கை கழுவிட்டாங்க. மனுஷன் அந்தக் குளிர்காலத்துல நியூயார்க் ஹார்லம்ல காலியாக் கிடந்த ஒரு கடைக்குள்ள கேமராவை வச்சுட்டு ஒவ்வொரு பந்தும் எப்படிச் சுத்துது எங்க வளையுதுன்னு பாத்துப் பாத்து மாத்திட்டு வந்தார், 2018ல 2.43. டீம் 106 மில்லியனுக்கு வெளிய தேடினது ஏற்கனவே கையில இருந்த ஆளுக்கு ஒரு காலிக் கடைக்குள்ள கிடைச்சிருக்கு. ரிலீவர்ங்கிறவன் வருஷத்துக்கு அறுபது இன்னிங்ஸ் போடுறவன், அவ்ளோ சின்ன சாம்பிளை நம்பி மூணு வருஷ கான்ட்ராக்ட் போடுறதே சூதாட்டம்தான், அதை இந்த ஊர்ல பண்றது இன்னும் பெரிய சூதாட்டம்.

காசுன்னதும் இன்னொருத்தர் ஞாபகம் வர்றார், ஸ்டார்ட்டர் மைக் ஹாம்ப்டன். 2000 டிசம்பர்ல எட்டு வருஷம் 121 மில்லியன், அன்னைக்கு அதான் பெரிய கான்ட்ராக்ட், சில நாள்லயே அலெக்ஸ் ரோட்ரிகஸ் 252 மில்லியன் வாங்கி முறியடிச்சார், அது வேற கதை. ரெண்டே சீசன்ல ஹாம்ப்டனை டீம் கை மாத்தி விட்டுடுச்சு. பந்து போட வந்த ஆளு 2001ல பேட்டைப் புடிச்சு ஏழு ஹோம் ரன் அடிச்சாரு, அது ஒண்ணுதான் மிச்சம்!

ஃப்ரீமான்ட் வாசகர்: எதுக்கெடுத்தாலும் மலைக் காத்துன்னு ஒரு சாக்கு. எதிர் டீமும் அதே மைதானத்துலதானே போடுறான், அவனுக்கு மட்டும் எப்படி வளையுது?

நியாயமான கேள்வி. அவன் மூணு நாலு நாள் போட்டுட்டு ஊருக்குப் போயிடுவான், இவங்க வருஷத்துல 81 மேட்ச் அங்கயே கிடக்கணும், வித்தியாசம் அங்கதான்.

டென்வர்ல ராக்கீஸோட மைதானமான கூர்ஸ் ஃபீல்டுக்குப் போனவங்க மேல் அடுக்குல பாத்திருப்பீங்க, எல்லா சீட்டும் பச்சை, ஒரே ஒரு வரிசை மட்டும் ஊதா கலர். அந்த வரிசை கடல் மட்டத்துல இருந்து சரியா ஒரு மைல், 5,280 அடி. அந்த உயரத்துல காத்தோட அடர்த்தி கடலோர ஊரை விட ஆறுல ஒரு பங்குக்கு மேல கம்மி. பந்து வளையறதே காத்தைப் புடிச்சுத்தானே, காத்து குறைஞ்சா கர்வ் பால் வளைய வேண்டிய அளவு வளையாது, நடுவுல வந்து தொங்கும், அடிக்கிறவனுக்கு அல்வா மாதிரி. ஃபாஸ்ட்பால் என்னவோ கொஞ்சம் வேகமாவே வந்து சேரும், ஏன்னா தடுக்குற காத்து கம்மி. ஆனா அது கீழ விழாம மேல நிக்கிற மாதிரி ஒரு ஏமாத்து வேலை பண்ணும்ல, அது இங்க செத்துடும்.

அடிச்ச பந்தும் தூரமாப் போகும், மத்த ஊர்ல 400 அடி போறது இங்க 420 பக்கம். அதுக்குன்னு வேலியைத் தள்ளி வச்சாங்க, நடுவுல 415 அடி. அப்ப என்னாச்சு, மைதானம் பெருசாயிடுச்சு, ஃபீல்டருங்களுக்கு நடுவுல ஏகப்பட்ட காலி இடம், ஹோம் ரன் ஆகாத பந்து எல்லாம் அங்க விழுது, டபுள், ட்ரிபிள்னு ஓடுறான். ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் ஒழுகுது.

2002ல பந்து வைக்கிறதுக்குன்னே ஈரப்பதம் காக்குற ஒரு அறை கட்டினாங்க. வறண்ட காத்துல தன்னோட வேட்டை பூட்ஸ் தோல் காஞ்சு சுருங்கினதைப் பாத்து ஸ்டேடியத்துல வேலை பார்த்த ஒரு ஆளுக்கு வந்த யோசனை அது, பந்தும் தோல்தானேன்னு. அது வந்தப்புறம் ரன் குறைஞ்சது உண்மை. ஆனா அந்த அறை பந்தைத்தான் சரி பண்ணும், காத்தை என்ன பண்ணும்?

அதுக்கப்புறம் யாரும் பேசாத ஒரு தொல்லை இருக்கு. இங்க பத்து நாள் போட்டுப் பழகின கை அடுத்த வாரம் கடலோர சான் டியேகோ போகுது, அங்க பந்து திடீர்னு எக்கச்சக்கமா வளையுது, ஸ்ட்ரைக்ல விழ வேண்டியது வெளிய போய் வாக் ஆகுது (நாலு பந்து அப்படிப் போனா பேட்டருக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும்). சரி பண்ணிப் புடிக்கிறதுக்குள்ள ஃபிளைட் ஏறி டென்வர் வந்தாச்சு. ஸ்டார்ட்டராவது நடுவுல ஒரு நாள் புல்பென்ல போட்டுப் பாத்துக்குவான், ரிலீவருக்கு அந்த அவகாசமும் இல்ல, இறங்கின அன்னைக்கே எட்டாவது இன்னிங்ஸ்ல நிக்கணும்.

முடியவே முடியாதுன்னும் இல்ல. ஹிடேயோ நோமோ 1996 செப்டம்பர்ல டாட்ஜர்ஸுக்காக வந்து இதே மைதானத்துல ஒரு ஹிட் கூடக் குடுக்காம முடிச்சுட்டுப் போனார், அந்த பந்து அறையெல்லாம் வர்றதுக்கு முன்னாடி! 2018ல கைல் ஃப்ரீலண்ட், டென்வர்லயே பொறந்து வளர்ந்த பையன், 17 ஜெயிச்சு 2.85. உபால்டோ ஹிமினெஸ் 2010ல 19 ஜெயிச்சு 2.88. ஒத்தை ஒத்தையா முடியுது, அஞ்சு பேரா சேந்து வருஷா வருஷம் முடியலங்கிறதுதான் இந்த ஊரோட தலைவலி.

டாலஸ் வாசகர்: டாம்பா பே ரேஸ் பண்ணின மாதிரி முதல் இன்னிங்ஸுக்கே ரிலீவரை இறக்கினா என்ன? ராக்கீஸுக்கு மூளையே கிடையாதா?

மூளை இருக்கு, அதை வச்சு ஒரு தடவை விபரீதமே பண்ணிப் பாத்திருக்காங்க. ரேஸ் 2018 மே மாசம் ரிலீவர் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸ்ல இறக்கினதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே, 2012 ஜூன்ல மேனேஜர் ஜிம் ட்ரேசி அஞ்சு ஸ்டார்ட்டரை நாலாக் குறைச்சு, ஆளுக்கு 75 பந்துதான், அதுக்கப்புறம் புல்பென் பாத்துக்கும்னு ஒரு திட்டம் போட்டார். எட்டிப் பாத்தா அழகான யோசனை. ஆனா ஸ்டார்ட்டரோட பாரத்தை எடுத்து ரிலீவர் தலையில வச்சா பாரம் எங்கயும் போயிடாதே, அந்த வருஷம் 98 தோல்வி, ட்ரேசியும் கிளம்பிட்டார். ரேஸ் பண்றது ஜெயிக்குதுன்னா அவங்ககிட்ட ட்ரிபிள் ஏ லெவல்ல (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழ) இருந்து அடுத்தடுத்து ஆள் வந்துட்டே இருக்கான், இவங்ககிட்ட அந்த வரிசை இல்ல.

ஆஸ்டின் வாசகர்: ராக்கீஸ் ரிலீவர் ஹால்வர்சன் 100 மைல் வேகத்துல போடுறான். அப்புறமும் ஏன் அடிக்கிறாங்க?

மேஜர் லீக்ல 100 மைல் இப்போ யாரையும் பயமுறுத்துற நம்பர் இல்ல, நேரா வந்தா அதையும் அடிப்பான். அவன் வேகத்துக்கு வர வேண்டிய ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை மூணு ஸ்ட்ரைக்ல வெளிய அனுப்புறது) வரல. பந்தோட அசைவு, இன்னொரு நல்ல பந்து, அதை எப்போ போடணும்ங்கிற திட்டம், இதுல டீம்தான் அவனுக்குக் கடன்பட்டிருக்கு.

லிட்டில்டன் வாசகி: என் பையனுக்கு 11 வயசு, லிட்டில் லீக்ல பிட்சர். டீம்ல வேற ஆள் இல்லன்னு சனிக்கிழமை 70 பந்து போட வச்சுட்டு செவ்வாய்க்கிழமை திரும்பப் போடச் சொல்றாங்க. சொல்லி நிறுத்தலாமா?

நிறுத்துங்கம்மா, தயங்கவே வேணாம், விதியே உங்க பக்கம் இருக்கு. லிட்டில் லீக்ல 11, 12 வயசுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான் உச்சம். 66க்கு மேல போட்டா நாலு நாள் முழுசா ரெஸ்ட் குடுக்கணும், 70 போட்டவன் செவ்வாய்க்கிழமை மவுண்ட் பக்கமே வரக் கூடாது, வியாழக்கிழமைதான் ஆரம்பம். 41 பந்து போட்டவனை அன்னைக்கே கேட்சரா உக்கார வைக்கிறதுக்கும் அனுமதி கிடையாது. ஒவ்வொரு மேட்சுக்கும் எண்ணிக்கை எழுதணும், அந்தத் தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. தம்பி தோள் வலிக்குதுன்னு சொன்னா எண்ணிக்கை எவ்ளோன்னு பாக்காம அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.

செஞ்சுரி வாசகர்: புல்பென்னுக்கு நீங்க வக்கீல் வேலை பாக்குறது நல்லாத் தெரியுது. லீட் குடுத்தும் தொலைக்கிறாங்களே, அதுக்கு யாரைச் சொல்றது?

வக்கீலாவே இருக்கட்டும், ஒரு குத்தத்தை மட்டும் ஒத்துக்குறேன். வாக். அடி வாங்குறதைக் கூட காத்து மேல போடலாம், நாலு பந்து வெளிய போட்டு சும்மா ஒருத்தனை பேஸ்ல உக்கார வைக்கிறதுக்கு எந்த மலையும் பொறுப்பு இல்ல. எட்டாவது இன்னிங்ஸ், ரெண்டு ரன் லீட், முதல் ஆளுக்கே வாக், அடுத்தவனுக்கு ஒரு சாதாரண சிங்கிள், அப்புறம் வளையாம தொங்கற ஒரு ஸ்லைடர், அது ஹோம் ரன் ஆனா மூணு ரன், முடிஞ்சது. அந்தக் கடைசிப் பந்தைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவாங்க, நான் முதல் ஆளுக்குப் போன வாக்கைத்தான் திட்டுவேன்.

இன்னொரு பாவம் ஸ்ட்ரைக் அவுட். ராக்கீஸ் பிட்சர்ஸ் கொஞ்ச வருஷமாவே ஸ்ட்ரைக் அவுட்ல கடைசி பெஞ்ச். இந்த மைதானத்துல பந்து பேட்ல பட்டாலே வினை, அப்ப பேட்ல படாம பண்றவனைத் தேடிப் புடிக்கணுமா வேணாமா? இவங்க வருஷக்கணக்கா தரையில உருட்டி அவுட் வாங்குற ஆளுங்களையே தேடிட்டு இருந்தாங்க, அந்தக் கணக்கு ஓரளவு புரியுது, ஆனா உருளுற பந்தைப் புடிக்க நல்ல இன்ஃபீல்டு வேணும், மூணாவது பேஸ்ல நின்னு புடிச்ச நோலன் அரெனாடோவை 2021ல கையில காசும் குடுத்து செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிட்டு இதைப் பேசினா எப்படி.

போல்டர் வாசகர்: புதுசா டிபொடெஸ்டான்னு ஒருத்தரைத் தலைமைக்குக் கொண்டு வந்திருக்காங்க. பத்து வருஷமா அமெரிக்கன் ஃபுட்பால்ல இருந்தவர். இவருக்கு பிட்சிங் பத்தி என்ன தெரியும்?

பால் டிபொடெஸ்டா ஓக்லண்ட் பேஸ்பால் டீம்ல ஜெனரல் மேனேஜர் பில்லி பீன் கூட இருந்தவர், டாட்ஜர்ஸுக்கு ஜெனரல் மேனேஜரா இருந்தவர், அப்புறம் 2016ல இருந்து 2025 வரைக்கும் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் ஃபுட்பால் டீம். பேஸ்பால் தெரியாதவர் இல்ல, ஆனா அவர் விட்டுட்டுப் போன நாள்ல இருந்து பிட்சிங் வேற உலகமாயிடுச்சு, பந்தோட சுத்து, விரல் எங்க அழுத்துது எல்லாம் கேமரா சொல்லுது. உள்ளயே இருக்குற ஆளுங்களை மேல தூக்கி வச்சே பழகின டீம் இது, வெளியாள் வந்ததே எனக்குப் பாதி சந்தோஷம். முதல்ல கடைசி இன்னிங்ஸ் போடுற க்ளோசர் வாங்காம பிட்சிங் லேப்புக்கும் கோச்சுங்களுக்கும் காசு போடுறாரான்னு பாருங்க. ட்ரிபிள் ஏ டீம் ஆல்புகர்க்கில இருக்கு, அதுவும் 5,000 அடி உயரம், அங்கயே பையன்களை இந்தக் காத்துக்குத் தயார் பண்ணலாம், முப்பது வருஷமா இந்த உயரத்துல ஆடுற டீமுக்கு இது பத்தின ஞானம் மத்த 29 டீமை விட அதிகமா இருந்திருக்கணும். இல்ல.

பார்க்கர் வாசகர்: 21-0 மேட்சுக்கு நேர்ல போனேன் சார். டிக்கெட் காசைத் திருப்பிக் கேக்கலாமா?

2025 மே 10, சான் டியேகோ பாட்ரெஸ்கிட்ட ராக்கீஸ் தோத்தது, அதானே? ஸ்டீபன் கோலெக் ஒருத்தரே ஒன்பது இன்னிங்ஸும் போட்டு ஒரு ரன் குடுக்கல, அதுவும் கூர்ஸ் ஃபீல்டுல. அவங்க புல்பென் முழுக்க உக்காந்து கடலை கொறிச்சுட்டு ஊருக்குப் போயிருக்கு. மறுநாள் ராக்கீஸ் ஜெயிச்சும் மேனேஜர் பட் பிளாக்கைத் தூக்கிட்டாங்க, 7 வெற்றி 33 தோல்வி. அவர் வேலையே போச்சு, நீங்க டிக்கெட் காசைக் கேக்குறீங்க.

ஆரோரா வாசகி: இவ்ளோ சொன்னப்புறமும் எங்க வீட்டுக்காரர் 2026 சீசன் டிக்கெட் வாங்கணும்னு நிக்கிறார். ஏதாவது சொல்லித் தடுங்கண்ணா.

எப்படிம்மா தடுக்கிறது, அவர் 2025 ஆகஸ்ட் 1 மேட்சைப் பாத்திருப்பார். பிட்ஸ்பர்க் முதல் இன்னிங்ஸ்லயே ஒன்பது ரன் அடிச்சாச்சு, பாதிக் கூட்டம் பார்க்கிங் பக்கம் பாத்திருக்கும், கடைசி இன்னிங்ஸ்ல ராக்கீஸ் அஞ்சு ரன் எடுத்து, பிரென்டன் டாயல் ஹோம் ரன் அடிச்சு 17-16! அன்னைக்குக் கவுந்தது எதிர் டீம் புல்பென். சீசன் டிக்கெட் வேணாம்னு சொல்லுங்க, பத்து மேட்ச் டிக்கெட்டா வாங்கித் தாங்க, மேல ஊதா வரிசைப் பக்கம், விலையும் கம்மி.